நிற்க வைக்கிற சுவிட்ச்

— இது வேண்டாம் மாமா.

— ஏம்மா, பையில இருந்து இன்னும் முழுசா வெளியவே வரல. தலையைப் பாத்ததுமே வேண்டாம்னா எப்படி?

— தலையைப் பாத்தாலே போதும். ஸ்பிரிங் கம்பி நீட்டிக்கிட்டு நிக்குது. பெல்ட்டு மேல பெட்டி போகுதா இல்லையான்னு தொட்டுப் பாக்குறதுக்குத்தான் இது லாயக்கு. நம்ம மூடி அடிக்கிற பிரஸ்ஸோட கதவுல இந்த சுவிட்சை மாட்டினா காத்தடிச்சாலே ஆடும்.

— கடைக்காரன் ரொம்ப உசத்தின்னானே.

— விக்காம ரொம்ப நாளாக் கிடந்திருக்கும். அடுத்ததை எடுங்க.

— கேளும்மா, நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும். நாளைக்குக் காலைல மெஷின் ஓடணும். டப்பா கம்பெனிக்காரன் மூடி கேட்டு ஃபோன் மேல ஃபோன் போடுறான்.

— சரியான சுவிட்ச் மாட்டினா ஓடும் மாமா. அடுத்தது?

— இந்தா. சின்னது, அடக்கமானது. இருக்குற இடமே தெரியாது.

— பிளாஸ்டிக் உடம்பு. நம்ம பிரஸ்ல நாள் பூரா எண்ணெய் தெறிக்குது, தகட்டுப் பொடி வேற. ரெண்டும் உள்ள இறங்கினா சுவிட்சோட நாக்கு ஒட்டிக்கும். வேண்டாம்.

— உன்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப கூட நாங்க இவ்வளவு குறை சொல்லலம்மா.

— நான் நல்ல பொண்ணு மாமா, அதான். அந்த மூணாவதை எடுங்க.

— இரும்பு உடம்பு, நீட்டுக் கை, முனையில உருளை. இதுலயும் நொட்டை சொன்னேன்னா நான் சாமியாராப் போயிடுவேன்.

— இது நல்லா இருக்கு. ரப்பர் வளையம் வச்சு மூடியிருக்கான், எண்ணெய் போகாது. உருளையும் தடங்கல் இல்லாம சுத்துது. இந்தக் கையை நமக்கு வேணும்கிற பக்கம் திருப்பிக்கலாம்.

— அப்பாடா. தப்பிச்சேன்.

— இருங்க, உள்ள என்ன இருக்குன்னு பாக்குறேன். மாமா, கரண்டைச் சேத்துப் பிரிக்கிற காண்டாக்ட் பிளாக் இதுல பச்சையா இருக்கு.

— ஆமா, பச்சைதான்.

— சிவப்புன்னு சொன்னேனே. காண்டாக்ட் பிளாக் சிவப்புதான் வேணும்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். உங்க உள்ளங்கையில எழுதி வேற அனுப்பினேன்.

— கை கழுவிட்டேன்மா.

— மாமா.

— சரி, கேளும்மா. பச்சைன்னா போ, சிவப்புன்னா நில்லு. ரோட்டுல போற குழந்தைக்கும் தெரியும். மெஷின் ஓடணும்னா பச்சைதானே வாங்கணும்?

— நிக்கணும்னுதான் வாங்கச் சொன்னேன்.

— என்னது?

— மெஷினை ஓட வைக்க மோட்டார் இருக்கு, பெடல் இருக்கு, அத்தை இருக்காங்க. இந்த ஒரு சுவிட்ச் நிக்க வைக்கிறதுக்கு. கதவு திறந்திருக்குறப்ப யாராவது தெரியாம பெடலை மிதிச்சாலும் மேல இருக்குற, தகட்டை அமுக்குற அச்சு கீழ வரக் கூடாது. அதுக்கு எப்பவும் மூடியிருக்குற பிளாக் வேணும். அதுதான் சிவப்பு.

— மூடியிருந்தா கரண்டு எப்படிப் போகும்?

— மூடியிருந்தாத்தான் போகும். திறந்தா நின்னுடும்.

— நல்லா இருக்கு நியாயம். கடை மூடியிருக்குன்னா வியாபாரம் இல்லைன்னு அர்த்தம். கண்ணை மூடிட்டான்னா ஆளே இல்லைன்னு அர்த்தம். கரண்டுக்கு மட்டும் மூடினாத்தான் பொழப்பா? நான் டப்பாவுக்கு மூடி செஞ்சே முடி நரைச்சவன். எனக்கே மூடுறதுன்னா என்னன்னு சொல்லித் தர்றியா?

— ரெண்டு பேர் கை கோத்துக்கிட்டு நிக்குறாங்கன்னு வைங்க. கோத்திருக்குற வரைக்கும் கரண்டு போகும். கதவைத் திறக்கும்போது கதவுல இருக்குற இரும்பு மேடு வந்து இந்த உருளையை இடிக்கணும். இடிச்சதும் கோத்த கையைப் பிரிச்சு விடணும். உள்ள ஒட்டிப் போயிருந்தாலும் விடாம பிச்செடுக்கணும். அந்த மாதிரி சுவிட்சுல வட்டமும் அம்பும் போட்ட ஒரு குறி இருக்கும்.

— அதையே பச்சையை வச்சுப் பண்ண முடியாதா?

— பண்ணலாம். கதவு திறந்ததும் 'நில்லு'ன்னு செய்தி அனுப்புற மாதிரி வைக்கலாம். வயரை ஒரு எலி கடிச்சு வச்சா செய்தி போய்ச் சேராது, அச்சு இறங்கிடும். சிவப்புல எலி கடிச்சாலும் மெஷின் நிக்கும்.

— அப்ப பச்சைக்கு வேலையே இல்லைங்கிறே.

— ஏன் இல்ல? கதவு திறந்திருக்குன்னு ஒரு விளக்கை எரிய வைக்கட்டும். உயிரை நம்பி அதுகிட்டக் குடுக்க முடியாது. கிரேன் கம்பெனியில நான் வயரிங் பண்ணின இடத்துல இதுக்குன்னே ஒரு ஆளு சுத்தி வந்து பாப்பாரு.

— ஏற்கெனவே இருந்த சுவிட்சுக்கு என்ன கேடு வந்துச்சு? இத்தனை வருஷமா ஓடலையா?

— அது எதிர் வழியில வச்சது. கதவு இறங்கி வந்து அமுக்கினா ஓடும். கதவுதான் அமுக்குதா, வேற யாராவது அமுக்கிப் பிடிச்சிருக்காங்களான்னு அதுக்குத் தெரியாது. நேத்து நீங்க வெளிய போயிருந்தப்ப கதவைத் தூக்கி வச்சிட்டு, உள்ள ஒரு மரக்கட்டையை வச்சு, பெடலை மிதிச்சேன் மாமா.

— நிக்கலையா?

— கட்டை ரெண்டாப் போச்சு.

— அடக் கடவுளே.

— ஒரே ஒரு கேள்வி மாமா. பழைய சுவிட்சைக் கழட்டிப் பாத்தா, கதவு வந்து அமுக்க வேண்டிய இடத்தை ஒரு துணி கிளிப்பு கவ்விக்கிட்டு இருந்துச்சு. நம்ம மாடிக் கொடியில மாட்டுற நீலக் கிளிப்பு. அதை யார் மாட்டினது?

— கிளிப்பா? அது வந்து, நான்தாம்மா. சும்மா, வேகமா ஓடட்டுமேன்னு.

— நீங்களா? தகடு வாங்குறது, மூடி கொண்டு போய்க் குடுக்குறதுன்னு வெளிய சுத்துறதுதான் உங்க வேலை. மெஷின் பக்கமே வர மாட்டீங்களே.

— அவரை விடும்மா. அவருக்குக் கிளிப்பு எந்தப் பக்கம் திறக்கும்னே தெரியாது. நான்தான் மாட்டினேன்.

— அத்தை, எப்ப வந்தீங்க?

— கட்டை ரெண்டாப் போச்சுன்னியே, அப்ப. என் மெஷின், நான் ஓட்டுறேன், நான் மாட்டினேன். இப்ப என்ன?

— பச்சை வாங்கச் சொன்னதும் நீங்கதானா?

— பச்சையோ மஞ்சளோ எனக்குத் தெரியாது. அமுக்கினா ஓடுறதாப் பாத்து வாங்கிட்டு வாங்கன்னு சொன்னேன்.

— கடைக்காரன் முதல்ல சிவப்பைத்தாம்மா எடுத்துக் குடுத்தான். உங்க அத்தை சொன்னாளேன்னு மாத்தி வாங்கினேன். நான் யார் பக்கம் நிக்குறது? மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி.

— நீங்க சும்மா இருங்க. ஏம்மா, உன் புருஷன், அதான் என் பிள்ளை, தவழுறதுக்கு முன்னாடி இருந்து நான் இந்த மெஷின்ல உக்காருறேன். ஒரு கீறல் பட்டதில்ல. அச்சு எப்ப இறங்கும்னு என் காதுக்குத் தெரியும்.

— யானைக்கும் அடி சறுக்கும் அத்தை.

— நான் யானையா?

— பேச்சை மாத்தாதீங்க. எனக்கு பயமா இருக்கு. நேத்து அந்தக் கட்டை முறிஞ்ச சத்தத்துல இருந்து எனக்கு சாப்பாடு இறங்கல. கட்டை இருந்த இடத்துலதான் உங்க கை தினமும் போயிட்டு வருது.

— பயமா இருந்தா அந்தப் பக்கம் திரும்பி நில்லு.

— நிக்க மாட்டேன். சிவப்பு பிளாக் மாட்டாம இந்த மெஷினுக்கு கரண்டு கிடையாது. ஃப்யூஸைக் கழட்டி என்கிட்ட வச்சிருக்கேன்.

— குடு.

— மாட்டேன்.

— பாத்தீங்களா, உங்க மருமக எதிர்த்துப் பேசுறதை.

— பாத்தேன், பாத்தேன். எங்க அம்மாகிட்ட நீ பேசினதை விடக் கம்மிதான்.

— அத்தை, திட்டுறதுன்னா திட்டுங்க. முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டுப் பேசாம இருந்தாலும் சரி. விரல் போச்சுன்னா எந்தக் கடையில போய் நான் வாங்கிட்டு வருவேன்? இப்பவே போய் மாத்திட்டு வர்றேன்.

— போ. வாங்கிட்டு வந்து மாட்டு. அது மேலயும் ஒரு கிளிப்பு மாட்ட எனக்குத் தெரியாதா?

— தாராளமா மாட்டுங்க. மாட்டினா மெஷின் நிக்கும். இது தலைகீழ் அத்தை. உருளை அமுங்கியே இருக்குற வரைக்கும் அச்சு அசையாது. இதை ஏமாத்தக் கிளிப்பு உதவாது.

— அப்ப ஒவ்வொரு மூடிக்கும் கதவைத் தூக்கணும், இறக்கணும்.

— ஆமா.

— காலைல இருந்து சாயந்திரம் வரைக்கும்.

— ஆமா அத்தை. வேகம் கொஞ்சம் குறையும், குறையட்டும். டப்பா கம்பெனிக்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன்.

— வேகத்துக்கு இல்லம்மா.

— பின்ன எதுக்கு?

— ஒண்ணுமில்ல. வேற ஆளைப் போட்டுக்கோங்க. நான் வீட்டுல இருக்கேன்.

— என்னடி பேசுறே? ஒரு சுவிட்சுக்காக மெஷினையே விடுறியா? காய்ச்சல் அடிச்சாலும் எழுந்து வந்து உக்காருறவ நீ. பிள்ளை கல்யாணத்துக்கு முந்தின நாள் கூட லீவு போடல.

— விடுங்கங்க. வயசாகுதுல்ல.

— அத்தை, கோபத்துல சொல்றீங்களா?

— கோபம் இல்ல. உன் சுவிட்சை மாட்டு. நல்லா இரு.

— அப்படி விட்டுட்டுப் போகாதீங்க. கதவு ரொம்பக் கனமா இருக்கா? ஒரு தடவை தூக்கிக் காட்டுங்க. மெஷின்ல கரண்டு இல்ல.

— அதெல்லாம் இப்ப எதுக்கு?

— எனக்காக. ஒரே ஒரு தடவை.

— தூக்கேன்டி, மருமக கெஞ்சுறால்ல. இடது கையால ஏன் பிடிக்குறே? அந்தக் கைக்கு எட்டாது, வலது கையால தூக்கு. இன்னும் மேல. ஏய், என்ன ஆச்சு? கை ஏன் பாதியிலயே நிக்குது?

— தோளுக்கு மேல போகாது.

— எப்ப இருந்து?

— ரொம்ப நாளா. தலை வாரிப் பின்ன முடியல. அதுக்குத்தான் முடியைக் குட்டையா வெட்டிக்கிட்டேன். நீங்க கூட நல்லா இருக்குன்னு சொன்னீங்க.

— நான் ஒரு கூறு கெட்டவன். எங்கிட்ட ஏன்டி சொல்லல?

— சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? ரெஸ்ட் எடுன்னு வீட்டுல உக்கார வச்சிருப்பீங்க. வேற ஒருத்தி வந்து என் இடத்துல உக்காந்து ஓட்டுவா. நான் ஜன்னல் வழியா சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருக்கணும். எனக்கு அது வேண்டாம். கதவைத் தூக்க முடிஞ்சா நான் எதுக்குங்க துணி கிளிப்பைத் தேடப் போறேன்?

— அத்தை, கையைக் கீழ இறக்குங்க. போதும். மெதுவா.

— சரிம்மா, நான் ஓடிப் போய் அந்த சிவப்பு பிளாக்கை மாத்திட்டு வந்துடுறேன். நீ ஃப்யூஸைக் குடுக்க வேண்டாம், நீயே வச்சிரு. நீ சொன்ன குறி இருக்கான்னு பாத்தே வாங்குறேன்.

— இருங்க மாமா. ஸ்பேனரை எடுங்க. முதல்ல இந்தக் கதவைக் கழட்டுவோம்.

— கதவையா? அப்ப நாளைக்கு?

— நாளைக்கு மெஷின் ஓடாது. டப்பா கம்பெனிக்காரர் காத்திருக்கட்டும். இனிமே இந்தப் பட்டறையில தூக்குற கதவு கிடையாது, பக்கவாட்டுல தள்ளுற கதவுதான். அத்தை, நீங்க வந்து உங்க இடத்துல உக்காருங்க. வலிக்காம எந்தப் பக்கம் தள்ள வருதுன்னு காட்டுங்க. அதைப் பாத்துட்டுத்தான் சுவிட்ச் வாங்கணும்.