நான் வைத்த இடத்தில் இல்லாத சுவிட்ச்

ஹீட்டர் சுவிட்சைக் குளியலறைக்கு வெளியேதான் வைக்க வேண்டும், இன்ஸ்பெக்டர். ஈரக்கை படக்கூடாது என்பது ஒரு காரணம். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் வெளியே நிற்பவன் மின்சாரத்தை அடைக்க முடிய வேண்டும் என்பது இன்னொன்று. பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஓய்வு பெறும்வரை வயர்மேனாக இருந்தவன் நான். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

மாசாயில் என் மகன் கென்னத் வாங்கிய வீட்டுக்கு வயரிங் செய்தது நான்தான். ஹீட்டர் சுவிட்சை ஹாலில், குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில், என் நாற்காலிக்கு மேலே வைத்தேன். உட்கார்ந்தபடியே கை எட்டும்.

அப்புறம் கிறிஸ்டின் மருமகளாக வந்தாள். பத்து பாகாட் ஊரில் செல்லமாக வளர்ந்த பெண். குளிக்கப் போனால் பாட்டுப் பாடிக்கொண்டு சுடுதண்ணீரில் நிற்பாள். வெளியே ஒரு மனிதன் இருக்கிறான் என்ற நினைப்பே இருக்காது. போதும் என்று எனக்குத் தோன்றும்போது ஹீட்டரை அடைத்துவிடுவேன். திட்டுவதில்லை, சத்தம் போடுவதில்லை. ஒரு வீட்டில் யாராவது ஒருவர் ஒழுங்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"மாமா, தலையில சோப்போட நிக்கிறேன். அடைச்சிட்டீங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்பாள்.

நான் நாற்காலியில் சாய்ந்துகொள்வேன். ஒருநாள் காய்ச்சலோடு குளிக்கப் போனாள். அன்றும் அடைத்தேன். ஒழுங்கு என்றால் எல்லா நாளும்தான்.

நான் கூலாயில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, வேறொரு வயர்மேனைக் கூப்பிட்டு, சுவிட்சைக் குளியலறைக்கு உள்ளே மாற்றிவிட்டாள். திரும்பி வந்தபோது என் நாற்காலிக்கு மேலே ஒரு வெள்ளை மூடி மட்டும் இருந்தது. என் வீட்டில், என் வேலையில், என்னைக் கேட்காமல் கை வைத்திருக்கிறார்கள்.

"இனிமே உங்களுக்குச் சிரமம் இல்ல லா, மாமா," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

"உள்ள வெச்சா ஆபத்துடா," என்று கென்னத்திடம் சொன்னேன்.

"விடுங்கப்பா. நீங்க சும்மா சும்மா அடைக்காம இருந்திருந்தா அவ ஏன் மாத்தப் போறா?"

பெற்ற மகன் பேசுகிற பேச்சு. அன்று நான் சாப்பிடவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை.

சில வாரம் கழித்து, ஹீட்டரைப் போட்டாலே மெயின் பெட்டியில் டிரிப் ஆக ஆரம்பித்தது. மின்சாரம் கசிந்தால் உயிரைக் காப்பதற்கென்றே அந்தப் பெட்டியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதுதான் விழுந்துகொண்டிருந்தது. கிறிஸ்டின் என்னிடம் வந்து நின்றாள்.

"மாமா, நீங்கதான் பாக்கணும். அந்த ஆளு வேலை சரியில்ல போல."

இதை அவள் வாயால் கேட்க எவ்வளவு காத்திருந்தேன் தெரியுமா. ஹீட்டரைத் திறந்து பார்த்தேன். உள்ளே தண்ணீர் ஒழுகி வயர் நனைந்திருந்தது. எதையும் சரிசெய்யாமல் மூடிவிட்டேன். பிறகு மெயின் பெட்டிக்குப் போய், மின்சாரம் கசிந்தாலும் அந்தக் காவல் சுவிட்ச் மறுபடி விழாதபடி செய்தேன்.

"இனிமே விழாது," என்றேன். நான் பொய் சொல்லவில்லை, அது விழவே இல்லை. கிறிஸ்டின் எனக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசைக்குப் புறப்படும் நேரம். கென்னத் வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தான். குளியலறையில் பாட்டு பாதியில் நின்றது. ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. நான்தான் கென்னத்தைக் கூப்பிட்டேன், அதை எழுதிக்கொள்ளுங்கள். ஓடி வந்தவன் கதவைத் தட்டினான், அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். பழைய பழக்கத்தில் அவன் கை என் நாற்காலிக்கு மேலே போனது. அந்த வெள்ளை மூடியை நகத்தால் பிறாண்டினான்.

"அப்பா, ஹீட்டர அடைங்கப்பா."

"அங்க சுவிட்ச் இல்ல. நீங்கதான் உள்ள வெச்சிருக்கீங்க," என்றேன்.

பாவம், மெயின் பெட்டி அவன் நினைவுக்கு வரவில்லை. அது முன்கதவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதைத் தாண்டித்தான் உள்ளே ஓடி வந்தான். எனக்கு நினைவிருந்தது. நான் போய் அதன் அருகில் நின்றுகொண்டேன். கதவை உடைக்க அவனுக்கு நேரம் பிடித்தது. உடைந்து, அவன் உள்ளே கால் வைக்கப் போனபோது மெயினை அடைத்தேன். ஈரத்தரை அல்லவா. என் மகனுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது.

ஆமாம், எல்லாம் தெரிந்துதான் செய்தேன். கொலை என்றே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சுவிட்ச் நான் வைத்த இடத்திலேயே இருந்திருந்தால், அவள் விழுந்த உடனே நானே அடைத்திருப்பேன். அதையும் சேர்த்து எழுதுங்கள்.