நாற்பது அடி தெற்கே

மார்கழியில் எங்கள் பக்கம் கல்யாணம் கிடையாது. செங்கல்பட்டில் ஸ்டூடியோ வைத்திருக்கும் எனக்கு அந்த ஒரு மாதம்தான் விடுமுறை. விடியும் முன்பே பைக்கை எடுத்துக்கொண்டு கோவளத்துக்குத் தெற்கே உள்ள மீனவர் குப்பத்துக்குப் போய்விடுவேன். அங்கே வண்டியை நிறுத்திவிட்டு, கேமராவோடு நெம்மேலி வரை கரையோரமாக நடப்பேன். ஒன்பது மார்கழியாக நடக்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. அதைக் குற்றம் என்று நீங்கள் எழுத மாட்டீர்கள்.

இருபத்தாறு வருஷமாக ஊரார் முகங்களைப் படமெடுத்துப் பிழைத்தவன் நான். ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் புடவையைப் பார்ப்பார்கள், யார் யார் வந்தார்கள் என்று பார்ப்பார்கள். எடுத்தவன் பெயர் யாருக்கு வேண்டும்? இந்தக் கடல் படங்கள் மட்டும்தான் எனக்கென்று எடுத்தவை. போன ஆவணியில், வலது கண்ணில் பார்வை குறுகிக்கொண்டே வருகிறது, அடுத்த வருஷம் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். இந்த மார்கழியை விட்டால் ஒன்றுமில்லாதவனாகவே செத்துப்போவேன்.

மாமல்லபுரத்தில் கண்காட்சிக் கூடம் நடத்தும் பிரதீபா என் படங்களைப் பொறுமையாகப் பார்த்தார்.

"எல்லாம் அழகா இருக்கு, செங்கல்வராயன் சார். ஆனா எதுலயும் ஒண்ணும் நடக்கலையே. வர்றவங்க நின்னு பாக்கற மாதிரி ஒண்ணே ஒண்ணு கொண்டாங்க. பொங்கல் முடிஞ்சதும் திறந்துடலாம்."

அவரைக் குறை சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னார்.

செத்துப்போன குப்பத்து மீனவன் ஜான்சனுக்கும் ரெஜினாவுக்கும் ஏழு வருஷத்துக்கு முன்னால் நடந்த கல்யாணத்தைப் படமெடுத்தவன் நான்தான். குப்பத்துக் கரையில் கடல் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டியிருக்கிறார்கள். நடுவில் ஒரு படகு நுழையும் அளவுக்கு வழி. பனி மூடினால் கடலிலிருந்து அது தெரியாது. அதனால் ரெஜினா விடியும் முன் வழிக்கு நேராக ஒரு சவுக்குக் கழியை நட்டு, அதில் சிவப்பு பேட்டரி விளக்கைத் தொங்கவிடுவாள். ராத்திரி தனியாக மீன்பிடிக்கப் போனவன் அந்த விளக்கைப் பார்த்துப் படகை நேராக விடுவான்.

அன்று பனி கனமாக இறங்கியிருந்தது. அவள் கழியை நட்டு முடிக்கவும் ரோட்டில் ஹாரன் கேட்டது.

"அண்ணாத்த, தண்ணி லாரி வந்துகினு கீது. நாலு கொடம் புடிச்சினு ஓடியாந்துர்றேன். லைட்ட கொஞ்சம் பாத்துக்கோ."

"போய்ட்டு வாம்மா, நான் இங்கதான இருக்கேன்."

வழி இருந்த இடத்தில் வெளிச்சம் இல்லை. மார்கழியில் சூரியன் தெற்கே தள்ளி எழும். அங்கே பெரிய கல் ஒன்றுக்குச் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள், அதன் பின்னால்தான் பனி சிவந்துகொண்டிருந்தது. கழியைப் பிடுங்கி நாற்பது அடி தெற்கே நட்டேன். படகு அந்த வெளிச்சத்துக்குள் வரட்டும், அவ்வளவுதான். கடலிலேயே வளர்ந்தவன், கல் கிட்டத்தில் தெரிந்ததும் திருப்பிவிடுவான் என்று நினைத்தேன்.

அவன் திருப்பவில்லை. விளக்கை நம்பினான். பதினொரு படம் எடுத்தேன். பிறகு கழியைப் பழைய இடத்தில் நட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன்.

பனியில் விளக்கு சரியாகத் தெரிந்திருக்காது என்று குப்பத்தில் பேசிக்கொண்டார்கள். லாரிக்குப் போயிருக்கவே கூடாது என்று ரெஜினா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான்தான் தேற்றினேன். கண்ணீர் அஞ்சலி பேனருக்காகக் கல்யாண ஆல்பத்திலிருந்து ஜான்சனை மட்டும் பிரித்தெடுத்து, முகத்தைத் துலக்கிக் கொடுத்ததும் நான்தான். நன்றாக வந்திருந்தது.

கண்காட்சியில் எல்லோரும் அந்த ஒரு படத்தின் முன்னால் நின்றார்கள். ஜான்சனுக்கு என் மரியாதை என்று கீழே எழுதியிருந்தேன். மூன்றாம் நாள் ரெஜினா வந்தாள். அவளும் நின்றாள், எல்லோரையும்விட அதிக நேரம். பிறகு படத்தின் இடது ஓரத்தில் விரலை வைத்தாள்.

"இன்னா அண்ணாத்த, என் லைட்டு ஏன் வெள்ளக் கல்லாண்ட கீது?"

அவள் சத்தம் போடவில்லை. அதற்குப் பிறகுதான் நீங்கள் வந்தீர்கள்.

தெரிந்து செய்தாயா என்று கேட்கிறீர்கள். கேமராவில் பதினொன்று அல்ல, பன்னிரண்டு படங்கள் இருக்கும். முதல் படம், ஃபோகஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எடுத்தது. அதில் படகு இல்லை. வெள்ளைக் கல் மட்டும், துல்லியமாக. படகு எங்கே வந்து மோதும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஜான்சனைக் கொன்றது நான்தான்.

இன்னொன்றும் கேட்டீர்கள். விளக்கு பதிந்திருந்த அந்த ஓரத்தை வெட்டியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காதே, ஏன் வெட்டவில்லை என்று. வெட்டிப் பார்த்தேன், ஐயா. படம் கெட்டுப்போயிற்று.