நாற்பத்து மூன்று கையெழுத்தும் ஐந்து கடிதமும்

— கத்தாதே. தெருவுக்கே கேக்குது.

— கேக்கட்டும் டீச்சரம்மா! தெருவுக்குக் கேக்கணும்னுதானே கத்தறேன். வார்டு ஆபீஸ் சுவர்ல நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. தெருக்கோடிச் சுவரை இடிச்சு, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாப்பெல்லாம் இருக்கற அந்தப் பக்கத்துக்கு நடைவழி விடப் போறாங்களாம். அந்தச் சுவர்ல சாய்ஞ்சுதானே என் தையக்கடை நிக்குது? சுவர் போனா கடை எங்க நிக்கும், அந்தரத்துலயா?

— நாமதான் ஆட்சேபணை கொடுத்தோமே. நாற்பத்து மூன்று கையெழுத்து. நானே எழுதினேன்.

— நோட்டீஸ்ல என்ன போட்டிருக்கு தெரியுமா? "ஆதரவு ஐந்து, ஆட்சேபணை ஒன்று."

— ஒன்றா?

— ஒண்ணு! ஒத்தை விரல்! நாப்பத்து மூணு பேரும் சேர்ந்து ஒரு ஆளாம்.

— அச்சுப் பிழையா இருக்கும்.

— உங்களுக்கு எதைப் பாத்தாலும் பிழைதான். அன்னிக்கு மெக்கானிக் பாவம், ராத்திரி முழுக்க முக்கி முனகித் தனியா ஒரு லெட்டர் எழுதிட்டு வந்தார். நீங்க சிவப்புப் பேனாவால ஒன்பது இடத்துல சுழிச்சுத் திருப்பிக் குடுத்தீங்க. அயர்ன்காரம்மா லெட்டருக்குப் பத்துக்கு நாலு மார்க் போட்டீங்க. யாராவது போடுவாங்களா மார்க்கு?

— இதோ பார். அரசாங்கத்துக்குப் போற கடிதம் ஒழுங்கா இருக்க வேண்டாமா? அதான் எல்லாருக்கும் சேர்த்து ஒரே கடிதமா எழுதினேன். ஒற்றுமையாத் தெரியும்னு.

— நல்லாத் தெரிஞ்சுது. என் மெஷினைத் தூக்கித் தெருவுல வைக்கற அளவுக்குத் தெரிஞ்சுது. எனக்குன்னு இருக்கறது இந்தக் கடையும் ஒரே ஒரு பொண்ணும். கடை போச்சுன்னா என்னத்தை வெச்சு அவளைக் கரையேத்தறது?

— மெஷினைக் கையால அடிக்காதே.

— என் மெஷின், நான் அடிப்பேன். இந்த டேப்பு வேற! போன மாசம் யாரோ எடுத்துப் பாத்துட்டுத் தலைகீழாச் சுத்தி வெச்சாங்க, இன்னும் சுருண்டுக்குது. என் கடையில என் சாமான்கூட என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது.

— செருப்பை மாட்டு.

— எங்க?

— வார்டு ஆபீஸுக்கு. இங்கே கத்தினா தெருவுக்கு மட்டும்தான் கேக்கும்.

*

— சொல்லுங்கம்மா. மத்தியானம் கவுன்டர் மூடிடுவோம், சுருக்கமா.

— சார், நான் ரிட்டயர்டு டீச்சர். இந்தம்மா தையக்கடை. எங்க கடிதத்துல நாற்பத்து மூன்று கையெழுத்து இருந்தது. அதை ஒன்றுன்னு எண்ணியிருக்கீங்க.

— ஒரு கடிதம், ஒரு கருத்து. விதி அப்படி. படிவத்துக்குப் பின்பக்கம் போட்டிருக்கே.

— பின்பக்கமா?

— டீச்சரம்மா, ஊருக்கே பாடம் எடுத்தீங்க. திருப்பிப் பாக்கலியா?

— நீ பேசாதே. சார், கையெழுத்துக்கு மதிப்பே இல்லையா?

— இருக்கும்மா. கோப்புல இருக்கும். எண்ணிக்கையில வராது. தனித்தனியா எழுதிக் குடுத்திருந்தா நாப்பத்து மூணு. கிறுக்கலா இருந்தாலும் நாப்பத்து மூணுதான், நாங்க மார்க் போட மாட்டோம்.

— கேட்டீங்களா டீச்சரம்மா?

— கேட்டுது.

— இன்னொண்ணு. படிவத்துல மூணு கட்டம் இருக்கு. ஆதரவு, ஆட்சேபணை, மாற்று யோசனை. உங்க தெருவுல மூணாவது கட்டத்தை ஒருத்தரும் தொடல. வேண்டாம்னு சொன்னீங்க. வேற எப்படிப் பண்ணலாம்னு சொல்லல. நாங்க வேண்டாங்கறதை வெச்சுக்கிட்டு என்ன வரைபடம் போடறது?

— அப்போ அவ்வளவுதானா சார்? என் கடையை எடுத்துடுவீங்களா?

— இன்னும் முடிவாகலம்மா. வியாழக்கிழமை காலையில பதினோரு மணிக்கு நேரடி விசாரணை. வார்டுல குடியிருக்கறவங்க, வேலை செய்யறவங்க யாரு வேணா வரலாம். ஆளுக்கு ரெண்டு நிமிஷம். வந்து பேசினாத்தான் பேச்சு. தெருவுல பேசினது எதுவும் கோப்புல ஏறாது.

— அந்த அஞ்சு லெட்டர் யாரு எழுதினது சார்? சும்மா காதோட காதா.

— நான் சொல்லக் கூடாது. ஆனா கோப்பு பொதுமக்கள் பார்வைக்குத்தான் இருக்கு. விண்ணப்பம் எழுதினா உள்ள போய்ப் பாக்கலாம். ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு ஆள்.

— நான் போறேன்.

— ஏன், நான் போறேன் டீச்சரம்மா! அஞ்சு பேரு முகத்தையும் நான் பாக்கணும்.

— லெட்டர்ல முகம் இருக்காது. விண்ணப்பத்தை நான்தானே எழுதப் போறேன்? நீ பெஞ்சுல உக்காரு.

*

— என்ன டீச்சரம்மா, முகம் இப்படி வெளுத்துப் போச்சு? யாரு? அந்தப் பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரன்தானே? என் பொண்ணு அவன்கிட்டத்தான் கணக்கெழுதப் போறா. தினமும் சுத்திச் சுத்திப் போய்க் காலு தேயறா. அவன் எழுதியிருப்பான்.

— அவர் இல்லை.

— அப்புறம்?

— எங்க வீடு.

— எந்த வீடு?

— என் வீடும்மா. என் வீட்டுக்காரர் ஒண்ணு. மகன் ஒண்ணு. மருமக ஒண்ணு. கொழுந்தனார் ஒண்ணு.

— அடி ஆத்தாடி! நாலு பேரும் உங்க தாள்ல கையெழுத்துப் போட்டாங்களே! உங்க வீட்டுக்காரர் நாலாவது கையெழுத்து, மருமக ஏழாவது. என் கண்ணால பாத்தேன்.

— எனக்கு பயந்து போட்டிருக்காங்க. அவருக்கு அந்தப் பக்கத்து நூலகம் வேணும். மருமகளுக்கு பஸ் ஸ்டாப்பு. எங்கிட்ட சொல்ல தைரியம் இல்லை, வார்டு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க.

— சாப்பாட்டு மேசையில வாயே திறக்காத மனுஷன் ஒரு பக்கம் எழுதியிருக்காரா?

— ரெண்டு பக்கம். பிழையே இல்லை.

— இருங்க, நாலுதானே ஆச்சு? அஞ்சாவது?

— அதுவும் எங்க வீடுதான்.

— உங்க வீட்டுல அதுக்கு மேல எழுதற வயசுல ஆளே இல்லியே. துணி காயறதைப் பாத்தே தலை எண்ணிடுவேன் நான். மறைக்காதீங்க. நாளைக்கு நானே ஒரு விண்ணப்பம் போட்டு உள்ள போய்ப் பாத்துடறேன்.

— வேண்டாம்.

— ஏன் வேண்டாம்?

— நான்தான்.

— நீங்களா!

— முட்டி வலி. ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். சுத்திப் போக முடியல.

— ஊரைக் கூட்டி வேண்டாம்னு எழுதிட்டு, பின்னாடியே போய் வேணும்னு எழுதினீங்களா? உங்க பள்ளிக்கூடத்துப் பசங்களுக்கு நான் எத்தனை சீருடை தைச்சிருப்பேன், உங்க பேரனுக்கு எத்தனை ஜிப் மாத்தியிருப்பேன்! கடை போகும்னு தெரிஞ்சுமா?

— திட்டணும்னா திட்டிக்கோ. வியாழக்கிழமைக்கு என்ன பேசப் போறேன்னு யோசி.

— நீங்க எழுதித் தர வேண்டாம்.

— தர மாட்டேன். இனிமே எவருக்கும் எழுதித் தர மாட்டேன்.

*

— அடுத்தது தையக்கடையம்மா. ரெண்டு நிமிஷம். மைக்கை வாய்க்குள்ள வைக்காதீங்க.

— வணக்கம் சார். எனக்கு எழுதிப் பேசத் தெரியாது, அளந்துதான் பேசத் தெரியும். சுவர் மொத்தம் பதினோரு அடி. உங்க படத்துல நடுவுல இடிக்கறதாப் போட்டிருக்கு. என் கடை வலது ஓரமா ஏழு அடி நாலு அங்குலம். இடது பக்கம் மிச்சம் மூணு அடி எட்டு அங்குலம். அங்க மட்டும் இடிச்சு வழி விடுங்க. எனக்கு வழி வேண்டாம்னு இல்லை, கடையும் வேணும்.

— மூணு அடி எட்டு அங்குலத்துல சக்கர நாற்காலி போகுமாம்மா? தலைவர் கேக்கச் சொல்றார்.

— ஆஸ்பத்திரி வாசல்ல போய் டேப்பு வெச்சு அளந்துட்டுத்தான் வந்திருக்கேன். நாற்காலி ரெண்டு அடி மூணு அங்குலம். தள்ளறவங்க கை ரெண்டு பக்கமும் இடிக்காது. முந்தாநாள்தான் ஒருத்தருக்குச் சட்டை தைச்சேன், அவர் தோளே ரெண்டு அடி. அவரும் போகலாம்.

— சிரிக்காதீங்க, அமைதி. இதே அளவு ஆதரவுக் கடிதம் ஒண்ணுலயும் இருக்கு. மூணு அடி எட்டு அங்குலம், இடது ஓரம். இன்ஜினியர் ஏற்கனவே அந்த ஓரத்துல கோடு போட்டுப் பாத்துட்டார். இப்போ கடைக்காரரே சம்மதம்னு பதிவாயிடுச்சு. அவ்வளவுதான் விஷயம்.

— எந்த லெட்டர் சார்?

— நேரம் முடிஞ்சுதும்மா. அடுத்தது மெக்கானிக்.

*

— ஊசியில நூல் கோர்த்துக் குடுங்க டீச்சரம்மா, எனக்குக் கண்ணு தெரியல. வழி திறந்து ஒரு வருஷம் ஆச்சு. தெருவுல என்னென்ன நடந்துபோச்சு பாருங்க.

— சொல்லாம விடவா போற? இந்தா ஊசி.

— உங்க மகனும் மருமகளும் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துல வீடு பாத்துட்டு அந்தப் பக்கம் போயிட்டாங்க. உங்க கொழுந்தனார் அறுபத்தோரு வயசுல நூலகத்தம்மாவைக் கட்டிக்கிட்டார். புத்தகம் திருப்பிக் குடுக்கப் போனவர் திரும்பி வரவே இல்லை. மெக்கானிக் வார்டு கூட்டம் ஒண்ணு விடறதில்லை, போன மாசம் தெருவிளக்குக்கு அவர் எழுதினதுல பன்னெண்டு பிழை, விளக்கு வந்துடுச்சு.

— உன் பொண்ணை விட்டுட்டியே.

— அவளுக்கென்ன, கண்ணாடிக் கடைக்காரனைக் கட்டிக்கிட்டு ராணி மாதிரி இருக்கா. இங்கிருந்து நாலு நிமிஷம். இந்தத் தெருவுல எந்த வீட்டுல எத்தனை பேர் தும்மினாங்கன்னு எனக்குத் தெரியும், அவ மனசுல அந்தப் பையன் இருந்தது மட்டும் பத்திரிகை அடிக்கறப்போதான் தெரிஞ்சுது. சரி, உங்களை ஒண்ணு கேக்கறேன். வழியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த அஞ்சாவது லெட்டரை நினைச்சா இன்னிக்கும் எனக்கு ஆறல.

— ஒரு வருஷமா வாரத்துக்கு ரெண்டு தடவை சொல்லிட்டே.

— இன்னும் சொல்லுவேன். முதுகுக்குப் பின்னாடி எழுதினீங்களே.

— அந்த லெட்டரை எழுதினவளே நேத்து என் வீட்டுக்கு வந்தா. "எனக்காக எத்தனை நாள் ஏச்சு வாங்குவீங்க, இனிமே சொல்லிடுங்க டீச்சர்"னு அழுதா.

— யாரு அழுதா?

— அன்னிக்கு நீ மறுநாள் உள்ள போய்ப் பாக்கறேன்னு சொன்னே. பாத்திருந்தா வீட்டுல கொலையே விழுந்திருக்கும். அதான் நான்தான்னு சொன்னேன்.

— டீச்சரம்மா, சுத்தி வளைக்காதீங்க. யாரு?

— "வழி வேணும், எங்க அம்மா கடையும் வேணும்"னு எழுதியிருந்தா. கடைசி வரியில அளவு. நான் ஸ்கேல் பிடிச்சுக் கோடு போடறவ, மூணு அடி எட்டு அங்குலம்னு எனக்கு எப்படித் தெரியும்? உன் டேப்பை எடுத்து அளந்துட்டுத் தலைகீழாச் சுத்தி வெச்சவ அதோ அந்த வழியாத்தான் வந்துட்டிருக்கா. ஊசியைக் கீழ வை, கையில குத்திக்கப் போறே.