இடப்பக்கம் ஆம், வலப்பக்கம் இல்லை

பழைய கம்ப்யூட்டருக்குப் புது மவுஸ் மாட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை சார். உங்கள் மேசை மேல் இருக்கிறதே, தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா, அது இரண்டுக்கும் நடுவில் இருந்தால் போதும். உங்கள் கான்ஸ்டபிளிடம் மட்டும் ஒயரைப் பிடித்து இழுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பிளக்கைப் பிடித்துத்தான் கழற்ற வேண்டும். சுரங்கத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டுபோனது.

என் பெயர் பரமசிவம். கன்வேயர் பெல்ட் ஓடும் வழியெல்லாம் சென்சார்கள் இருக்கும். அவற்றைக் கவனிக்கிற இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவில் இருந்தேன். இறந்துபோன மருதாசலமும் அதே பிரிவுதான். நான் திருநெல்வேலிப் பக்கம், அவன் கோயம்புத்தூர்ப் பக்கம். ஒரே நாளில் வேலையில் சேர்ந்தோம். ஒரே பிளாக்கில் எதிரெதிர் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. என் வீட்டில் குழம்பு கொதித்தால் அவன் வீட்டில் சோறு வடிப்பார்கள், அப்படிப் பழக்கம்.

அந்தக் கம்ப்யூட்டர் அவனுடையது. அமிகா என்று பெயர். சுரங்கத்தில் மிஷின் பொருத்துவதற்காக வந்திருந்த ஒரு ஜெர்மன் என்ஜினியர் ஊருக்குத் திரும்பும்போது அவனுக்கு விற்றுவிட்டுப் போனார். டிவியில் மாட்டினால் படம் வரும். மருது அதில் உட்கார்ந்து புள்ளி புள்ளியாகத் தமிழ் எழுத்துகளை வரைந்தான். எல்லாம் அவன் மகள் இசைப்பிரியாவுக்காக. மவுஸ் அம்பால் எழுத்தைத் தொட்டுத் தொட்டு அந்தப் பெண் வார்த்தை சேர்க்கும். சேர்த்து முடித்ததும் திரை 'இது சரியா?' என்று கேட்கும். கீழே இரண்டு கட்டம் வரும். இடப்பக்கம் 'ஆம்', வலப்பக்கம் 'இல்லை'. அவள் எழுத்துப் படித்ததே அதில்தான்.

சார், நீங்கள் இந்த ஊருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்றார்கள். அதனால் ஒன்று சொல்கிறேன். நெய்வேலியில் யாரும் நெய்வேலிக்காரர் இல்லை. பிளாக்கில் லாரி வந்து நின்றால் யாரோ ரிட்டையர் ஆகிவிட்டார் என்று அர்த்தம். பீரோவை ஏற்றுவார்கள், கட்டிலை ஏற்றுவார்கள், கடைசியில் துளசித் தொட்டியையும் ஏற்றிவிடுவார்கள். மதுரைக்கும் சேலத்துக்கும் போய்விடுவார்கள். "வாங்க ஒருதடவை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். யாரும் யாரையும் போய்ப் பார்த்ததில்லை. நான் கைகாட்டி அனுப்பிய லாரிகளுக்குக் கணக்கே இல்லை.

அதனால்தான் நானும் மருதுவும் முன்கூட்டியே பேசி வைத்து, டவுன்ஷிப்பை ஒட்டி வெளியே ஒரே சுவர் வைத்து இரண்டு வீடு கட்டினோம். என் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் பிரவீன்குமார் கனடாவில். மருதுவின் மனைவியும் அடுத்த வருடமே தவறினார். பிறகு நாங்கள் இருவர்தான். காலையில் நடை, மாலையில் அந்த அமிகா. இதைவிட வேறு என்ன வேண்டும் என்று நான் நினைத்தேன். அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

அப்போதுதான் அவனுக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடக்கையில் ஆள்காட்டி விரல் மட்டும் கொஞ்சம் அசையும். "எல்லாம் புரியும், சொல்லத்தான் முடியாது" என்றார் டாக்டர்.

இசைப்பிரியா கோயம்புத்தூரிலிருந்து ஓடி வந்தாள். ஒரு புது டேப்லெட் வாங்கி வந்திருந்தாள். அவன் விரல் நடுங்கி, ஒன்றைத் தொடப் போய் நாலைத் தொட்டது. அலுத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டான். அவள் ஊருக்குப் போனதும் நான் அமிகாவை அவன் கட்டிலுக்கு எதிரில் வைத்து ஓட்டினேன். அந்த எழுத்துகளைப் பார்த்ததும் மருதுவின் கண் கலங்கிவிட்டது. ஆனால் பழைய மவுஸ் அடியில் ரப்பர் உருண்டை இருக்கும். அம்மிக்குழவி மாதிரித் தள்ள வேண்டும். அவன் விரலுக்கு அந்த வலு இல்லை. புது மவுஸ் ஊதினாலே நகரும். ஆனால் அதன் பிளக் அமிகாவில் ஏறாது, ஏறினாலும் இரண்டும் பேசும் பாஷை வேறு.

வெளிநாட்டில் இதற்கென்றே பைத்தியங்கள் இருக்கிறார்கள் சார். பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப்போட மனசில்லாமல் வீட்டிலேயே அடாப்டர் செய்து, சர்க்யூட்டை இன்டர்நெட்டில் இலவசமாகப் போடுகிறார்கள். அதைப் பார்த்து நானே சால்டர் வைத்துச் செய்ததுதான் இந்த டப்பா. நடுவில் ஒரு சிப். மவுஸ் சொல்வதைக் கேட்டு அமிகாவுக்குப் புரிகிற மாதிரி அது சொல்லும். என்ன சொல்ல வேண்டும் என்பதை நான் எழுதித் தர வேண்டும். முதலில் விரல் நடுக்கத்தை வடிகட்டினேன். பிறகு, அவனால் பட்டனை அழுத்த முடியாது என்பதால், அம்பு ஒரு கட்டத்தில் சற்று நின்றால் அடாப்டரே அழுத்திவிடும்படி செய்தேன். இசைப்பிரியா போனில் அழுதாள். "மாமா, எங்கப்பாவுக்கு வாய் குடுத்துட்டீங்க" என்றாள்.

அன்று மருது சேர்த்த முதல் வார்த்தை 'பாப்பா'. அது இசைப்பிரியாவின் செல்லப் பெயர். சரி, பெற்ற மகள். அடுத்த வார்த்தை 'போகணும்'.

நான் இராத்திரி பகல் பார்க்காமல் உட்கார்ந்து செய்த பொருள் சார் அது. அவன் வாய் திறந்ததும் என்னைவிட்டுப் போகணும் என்கிறான். டிவியை அணைத்துவிட்டு அவனுக்குக் கஞ்சி ஊட்டினேன். கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாளிலிருந்து திரையில் எழுத்துப் பலகையை எடுத்துவிட்டு, 'இது சரியா?' என்ற கேள்வியையும் அந்த இரண்டு கட்டத்தையும் மட்டும் விட்டேன். அத்தனை எழுத்தில் தேடினால் களைத்துப் போவான், ஆம், இல்லை இரண்டும் போதும் என்று அவளிடம் சொன்னேன். அவளும் சரி என்றாள்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பெல்ட் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். சென்சார் ஒன்று கெட்டுப்போய் 'நிறுத்து, நிறுத்து' என்று பொய்யாகச் சொல்லும். அதற்காக மொத்த லைனையும் நிறுத்த முடியுமா? மேலே அனுமதி வாங்கி, எல்லோருக்கும் தெரியும்படி சிவப்பு அட்டை தொங்கவிட்டு, அந்த சிக்னலைத் தற்காலிகமாக பைபாஸ் செய்வோம், அதாவது அது சொல்வது மிஷினுக்குப் போகாமல் தடுத்துவிடுவோம். ஷட்டவுன் வரும்போது சரிசெய்து பைபாஸை எடுத்துவிடுவோம். ஸ்ட்ரோக் வந்தவனின் மூளையும் அப்படித்தானே என்று யோசித்தேன். இத்தனை வருடம் என்னோடு இருக்கிறேன் என்று சொன்ன மனிதன் திடீரென்று போகணும் என்றால், அது அவன் பேச்சா, கெட்டுப்போன சிக்னலா?

டப்பாவின் பக்கவாட்டில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது பாருங்கள். அதை அதற்குப் பிறகுதான் வைத்தேன். நடுவில் இருந்தால் மவுஸ் மவுஸாக வேலை செய்யும். வலப்பக்கம் தள்ளினால், விரல் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அம்பு வலப்பக்கம்தான் போகும். இடப்பக்கம் வைத்தால் இடப்பக்கம். அவ்வளவுதான். தற்காலிகமாகத்தான் போட்டேன். சிவப்பு அட்டை ஒன்றுதான் தொங்கவிடவில்லை.

இசைப்பிரியா வந்தாள், புருஷன் சசிகுமாரோடு, காரில் படுக்கை போடுகிற வசதி எல்லாம் செய்துகொண்டு. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, எங்க வீட்டுக்கு வந்துடறீங்களா? கீழ் ரூமை உங்களுக்குன்னு ஒழிச்சு வெச்சிருக்கேன்" என்றாள். சுவிட்ச் வலப்பக்கம் இருந்தது. மருது விரலை இடப்பக்கம் தள்ளினான். அம்பு வலப்பக்கம் போய் நின்றது. 'இல்லை' கட்டம் சிவந்தது.

அவனுக்குப் புரியவில்லை. மறுபடி தள்ளினான். மறுபடி இல்லை. வலப்பக்கம் தள்ளிப் பார்த்தான், புத்திசாலி அல்லவா. அப்போதும் இல்லை. பிறகு திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். ஒரு சிக்னல் எப்படித் தப்பாகப் போகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "ஸ்ட்ரோக் வந்தவங்க காரணமே இல்லாம அழுவாங்கம்மா, டாக்டரே சொல்லியிருக்கார்" என்று அவளிடம் சொன்னேன். அது பொய்யில்லை, டாக்டர் அப்படிச் சொன்னது உண்மைதான்.

அவள் சொந்த விருப்பத்தில் கல்யாணம் செய்துகொண்டவள். அதில் மருது கொஞ்ச காலம் அவளோடு பேசாமல் இருந்தான். அம்மா சாவில்தான் சேர்ந்தார்கள். அதனால் அந்த 'இல்லை'யை அவள் நம்பிவிட்டாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, "அப்பாவுக்கு இன்னும் என் மேல கோவம் போகல இல்ல மாமா?" என்று கேட்டாள். என் மனசு கேட்கவில்லை. ஆனால் என்ன சொல்ல முடியும்? "போகப் போகச் சரியாயிடும்மா" என்றேன். அதற்குப் பிறகும் பலமுறை வந்தாள், பலமுறை கேட்டாள். கார் ஒவ்வொரு தடவையும் காலியாகத்தான் திரும்பியது.

மருது ஒரு கட்டத்துக்குப் பிறகு தள்ளுவதையே குறைத்துக்கொண்டான். யாராவது கேள்வி கேட்டால் விரலைச் சும்மா அசைப்பான், கண்ணைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான். அமைதியாகிவிட்டான் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அவனைக் குளிப்பாட்டித் துணி மாற்ற ஆதிலட்சுமி என்ற பெண் பண்ருட்டி பஸ்ஸில் வருவாள். நல்ல மனுஷி. ஒருநாள் என்னிடம் வந்து, "அய்யாவுக்கு இடுப்பாண்ட புண்ணு வெச்சிருக்குதுங்க. ஒடம்பு அனலா கொதிக்குது. அழுதுகினே இருக்காருங்க. ஆசுபத்திரிக்கு இட்டுகினு போங்க சார்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தால் இசைப்பிரியா வருவாள். இந்த முறை கேள்வி கேட்கமாட்டாள், அங்கிருந்தே தூக்கிக்கொண்டு போய்விடுவாள். நான் பதறவில்லை. "என்னைக் கேக்காதம்மா, அவரையே கேளு" என்றேன். சுவிட்ச் எங்கே இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"வலிக்குதுங்களா அய்யா?" என்று அவள் குனிந்து கேட்டாள். நெடுநாளைக்குப் பிறகு மருது உயிரைக் கொடுத்துத் தள்ளினான். விரல் நகம் வெளுத்துப்போனது. அம்பு நிதானமாக வலப்பக்கம் போய் நின்றது. ஆதிலட்சுமி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "மிஷினே இல்லைன்னு சொல்லுதே. நான்தான் பயந்துகினு இருந்துட்டேன்" என்றாள். கையில் சுட்ட காய்ச்சலை விட்டுவிட்டு அவள் திரையை நம்பினாள். எல்லோரும் அப்படித்தான் சார் நம்பினார்கள்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. புண்ணுக்கு நானே மருந்து போட்டேன், காய்ச்சல் மாத்திரையைக் கரைத்து ஊற்றினேன். விசிறிவிட்டபடி பக்கத்திலேயே கிடந்தேன். அவன் மூச்சு மாறியதும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான்தான். இரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது, கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார்கள். அந்த அவசரத்தில் சுவிட்சை நடுவில் வைக்க மறந்துவிட்டேன். என் வாழ்நாளில் பைபாஸை எடுக்க மறந்தது அது ஒன்றுதான்.

கருமாதி முடிந்து எல்லோரும் போன பிறகு இசைப்பிரியா அப்பா கட்டிலில் உட்கார்ந்து அமிகாவைப் போட்டிருக்கிறாள். சின்ன வயசு ஞாபகம். 'இது சரியா?' என்று திரை கேட்டதும் 'ஆம்' பக்கம் தள்ளியிருக்கிறாள். அம்பு 'இல்லை'க்குப் போயிருக்கிறது. எத்தனை தடவை தள்ளினாலும் அதே. அவள் மருதுவின் மகள் சார், ஒயரைப் பிடித்துக்கொண்டே டப்பா வரைக்கும் வந்துவிட்டாள்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றாள். நான் எதையும் மறைக்கவில்லை, இப்போது உங்களிடம் சொன்னதையெல்லாம் அவளிடமும் சொன்னேன். கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். மெதுவாக ஒன்றுதான் கேட்டாள். "எங்கப்பா எத்தனை தடவை 'ஆம்'னு தள்ளியிருப்பார் மாமா?" அவளை நினைத்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். மகளோடு போக விரும்பியவனைப் போகவிடாமல் வைத்தது நான். வலி என்று சொன்னவனை வலி இல்லை என்று சொல்ல வைத்தது நான். அவன் சாவுக்கு நான்தான் காரணம் என்று எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவன் மனசுக்கு விரோதமாகச் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். தினமும் விளக்கு வைத்த பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "மருது, நான் பண்றது சரிதானே? உனக்கு என் மேல வருத்தம் ஒண்ணும் இல்லையே? நீ என்கூடவே இருந்துடுறியா?" என்று கேட்பேன். பாவம், நடுங்குகிற கை, அவனைச் சிரமப்படுத்தக்கூடாது என்று சுவிட்சை இடப்பக்கம் வைத்துவிட்டுத்தான் கேட்பேன். ஒருநாள்கூட அவன் இல்லை என்று சொன்னதில்லை சார்.