பாதி வெட்டின புல்வெளி

— ‘அந்தத் தாத்தாவுக்குக் காது வலிக்காதா?’ இதைத்தான் கேட்டுச்சாம் தேவசகாயண்ணே, குழந்தைங்க வார்டுல இருந்த அந்தப் பொண்ணு. ஜன்னல்ல நின்னு நீங்க புல்லு வெட்டுறதையே பாத்துக்கிட்டிருந்துச்சாம்.

— நல்லாத்தான் கேட்டிருக்கு. அந்த ஒரு கேள்விக்கு மேனேஜர் ஓடிப்போய் உனக்கு பேட்டரி மெஷினு வாங்கியாந்தாரு. என் காதுக்கு ஒரு துண்டு பஞ்சுகூட வாங்கித் தரல.

— அட போங்கண்ணே. சிரிக்கக்கூடத் தெம்பில்ல. என்னுது நின்னுபோச்சு.

— சத்தமா பேசு லோகநாயகி. பெட்ரோல் மெஷினை நிறுத்தி எவ்வளவோ நேரமாச்சு, காதுக்குள்ள இன்னும் ஓடுது.

— என் மெஷினு நின்னுபோச்சுன்னேன்! ஈரப்புல்லு பிளேடுல சுத்திக்கிச்சு. சார்ஜு மொத்தமும் அதுக்கே சரியாப்போச்சு. உங்க பாதி முடிஞ்சிருச்சு. என் பாதி அப்படியே கெடக்கு.

— ஐப்பசி மழையில ஊறுன புல்லு, அதுக்கு பெட்ரோலுதான் சரி. கயித்தை ஒரு இழுப்பு இழுத்தா சாயங்காலம் வரைக்கும் ஓடும். உன்னுது வெளையாட்டுச் சாமான். ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சு, அகல் வெளிம்புல மூணு மஞ்சக்கோடு போட்டு ஏத்தினியே, அதுக்காவது ஓட வேணாமா?

— உங்க மெஷினுக்கும் சேத்துதான் ஏத்துனேன். அது ஓடட்டும், யாரு வேணாம்னா? பொகையில மூச்சு முட்டுது. நேத்து சோத்துல கை வெக்க முடியாம கை நடுங்குச்சே உங்களுக்கு. என்னுது நின்னா நானும் உக்காருவேன். உங்களுது உங்களை உக்கார வுடுதா?

— அது நெசம். அதுக்கு அசதியே வராது. எல்லாத்தையும் எனக்குக் குடுத்துருச்சு.

— காலையில மேனேஜர் வந்து ரெண்டு பாதியையும் பாப்பாரு. ஒரு மெஷினு, ஒரு ஆளுன்னு சொல்லிட்டாரு. தோள்பட்டை எறங்குனதுலேருந்து உங்க மெஷினு கயித்தை என்னால இழுக்க ஆவாது. பேட்டரி தோத்தா நான் வூட்டுக்குத்தான்.

— ஜெயிச்சா நான் வூட்டுக்கு.

— அதான்ணே. ஜெயிக்கணும்னு வேண்டிக்கக்கூட மனசு வரல.

— வேண்டாத. மாதா பாத்துக்குவாங்க. அதை சார்ஜுல போட்டுட்டு நீ கடலூர் பஸ்ஸைப் புடி. பரங்கிப்பேட்டை சுத்திப் போறதுல ஏறிடாத.

— நீங்க வரல?

— பிளேடைக் கழட்டித் தொடச்சுட்டு அடுத்த பஸ்ல வரேன்.

— இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அண்ணிகிட்டப் போவீங்கல்ல?

— போவாம? மெழுகுவத்தி வாங்கி வெச்சாச்சு. போன வருஷந்தான் டெங்குல படுத்துட்டேன். ஊரே அவுங்கவுங்க கல்லறையில வத்தி ஏத்துது, என் மேரி மட்டும் புல்லு மண்டிக் கெடப்பாளேன்னு படுக்கையில அழுதேன். எழுந்து போய்ப் பாத்தா, யாரோ சுத்தமா வெட்டி வெச்சிருக்காங்க.

— உங்க கோயிலாளுங்க யாராவது இருக்கும்.

— இருக்கும்.

— சரிண்ணே. பஸ்ஸு வந்துரும், நான் கெளம்புறேன்.

*

— அண்ணே! இங்க வாங்க! என் பாதி முழுசா வெட்டியிருக்கு!

— காலங்காத்தால ஏன் கத்துற? புள்ளைங்க தூங்குது.

— நான் போனப்புறம் யாரு வெட்டுனது?

— எனக்கென்ன தெரியும்? என் மெஷினு ஓடியிருந்தா வார்டே முழிச்சிருக்கும். வாட்ச்மேனைக் கேளு. ஒரு சத்தமும் கேக்கலம்பான்.

— அதான். சத்தம் போடாத மெஷினு இங்க ஒண்ணுதான். சார்ஜுல போட்டுட்டுப் போனேன், இப்ப செத்துக் கெடக்கு. வேலை முடிஞ்சதும் ஒயரை மாட்டாம ஓரங்கட்டிட்டுப் போறது பெட்ரோல்காரங்க பழக்கம்.

— கரண்டு போயிருக்கும்.

— ஜெனரேட்டர் இருக்கிற ஆஸ்பத்திரியில?

— நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்.

— வெளையாடாதீங்கண்ணே. கண்ணு செவந்து கெடக்கு உங்களுக்கு. இதைப் பாத்தா மேனேஜர் பேட்டரியே போதும்பாரு. அப்புறம் நீங்க?

— கல்லறைத் தோட்டத்துக்கு ஆள் வேணும்னு எங்க கோயில் லியோ சாமியாரு கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. அங்க என் மெஷினு எவ்வளவு கத்துனாலும் யாரும் கம்ப்ளெயின்ட் பண்ண மாட்டாங்க.

— முடியாது. நான் போய் மேனேஜர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்.

— சொல்லக் கூடாது. நீ மட்டும் சொன்னியா?

— நான் என்னத்தைச் சொல்லல?

— கையை நீட்டு. இந்தா, உன் அகலு. போன வருஷம் அத்தனை மெழுகுவத்திக்கு நடுவுல, மூணு மஞ்சக்கோட்டோட, மேரி தலைமாட்டுல இது ஒண்ணுதான் இருந்துச்சு.