பொன்னம்மாள் டீச்சரின் நான்கு பிள்ளைகள்

மேடையில் இருக்கும் ஊராட்சித் தலைவர் சின்னராசு அவர்களே, மிளகுத் தோட்டத்து வேலையைப் போட்டுவிட்டுத் திண்ணனூர் நாட்டு மலைக் கிராமங்களின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் நடந்து வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம். மறைந்த நம் பால்வாடி ஆசிரியை பொன்னம்மாளைப் பற்றி இந்த ஊர்த் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியனான என்னைப் பேசச் சொல்லிவிட்டீர்கள். எந்த முகத்தோடு பேசுவேன்?

எண்பத்தைந்தாம் வருடம் வேலைக்கு வந்தவர். பதினேழு ஆண்டுகள்! தோட்டத்துக்குப் பிள்ளையைத் தூக்கிப் போகும் தாயை வழிமறித்து, இடுப்பிலிருந்து இறக்கி வாங்கிக்கொண்ட கை யாருடையது? அழுகிற பிள்ளை தூங்க அதன் அம்மாவின் பழைய சேலைதான் வேண்டுமென்று வீடு வீடாகக் கேட்டு வாங்கி வைத்தவர் யார்? சோறு போடுகிற இடம்தானே என்று நாம் சொன்னோம். அவரிடமிருந்து வந்த பிள்ளை என் ஒன்றாம் வகுப்பில் தனியாகத் தெரியும்.

போன ஜூனில் என் பள்ளியில் பிள்ளைகள் குறைந்தார்கள். இன்னும் நால்வர் சேராவிட்டால் இரண்டாவது ஆசிரியர் பணியிடம் போய்விடும். நான் என்ன செய்தேன்? பால்வாடியிலிருந்த நான்கு வயதுப் பிள்ளைகள் நால்வரை, வயது ஐந்து என்று எழுதிச் சேர்த்துக்கொண்டேன். அவர் சண்டைக்கு வரவில்லை. வாசலில் நின்று, “சார், அதுங்க இன்னும் மத்தியானம் தூங்குற வயசுங்க. உக்காந்த வாக்குலயே சாஞ்சிருதுங்க” என்று மட்டும் சொன்னார். மறுநாள் மதியம் அந்தச் சேலைகளோடு வந்து, என் வகுப்பு மூலையில் விரித்து, நால்வரையும் தூங்க வைத்துவிட்டுப் போனார். தினமும் வந்தார்.

அவர் பதிவேட்டில் ஏழு பேர்தான் மிச்சம். ஏழு பேருக்கு ஒரு மையமா, ஓடைக்கு அப்பால் உள்ள மையத்தோடு சேர்த்துவிடலாமே என்றார்கள் அதிகாரிகள். ஈடாகப் பிள்ளை தேடித்தான் அவர் மழையில் மேட்டு வீடுகளுக்கு நடந்தார். காய்ச்சலோடும் நடந்தார். ஜீப் கிடைத்து மலை இறக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த நடையை நடக்க வைத்தவன் நான். அவர் கணவர் செல்லமுத்துவின் முன்னால் இதைச் சொல்லத்தான் வந்தேன்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லி முடிப்பது வழக்கம். சொல்லத்தான் பார்க்கிறேன். புது ஆசிரியை போட மாட்டார்களாம். மாத முடிவில் மூடிவிடுவார்களாம். மழைக்காலத்தில் மூன்று வயதுப் பிள்ளை அந்த ஓடையை எப்படித் தாண்டும்? எனக்குத் தெரியவில்லை. தலைவருக்கும் தெரியவில்லை.

அம்மா பொன்னம்மாள்! நால்வரின் பெயரையும் இன்று காலை என் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டேன். ஓர் ஆசிரியர் போனால் போகட்டும். உங்கள் பிள்ளைகளைத் திருப்பித் தருகிறேன். யாரிடம் தருவது?