உப்பளத்து ஊரில் பனித்தரை விரித்த பிலோமி மிஸ்ஸுக்கு

பனியைக் கண்ணால் காணாமலே பனிமய மாதாவுக்குத் திருவிழா எடுத்துவரும் தூத்துக்குடிக்கு, அந்தப் பனியின் மீது பாதம் பதித்துக் காட்டிய பெருந்தகையே! பம்பரமும் பின்வாங்கும் சுழற்சியும், பாறையும் தோற்கும் பொறுமையும் படைத்து, இன்று பணி ஓய்வு பெறும் பயிற்றுநர் பிலோமி கர்வாலோ அவர்களே! வணக்கம்.

கப்பல் பொறியாளரான தந்தையோடு நார்வே நாட்டில் வளர்ந்து, இணையோடு கைகோத்துப் பனி நடனப் போட்டிகளில் பதக்கம் பல பெற்ற தாங்கள், பிறந்த மண்ணை நாடி வந்து எங்கள் சறுக்கு விளையாட்டுக் கழகத்தில் சேர்ந்தபோது திகைத்துப்போனோம். ஐஸ் என்றால் மீன்பெட்டிக்கும் சர்பத்துக்கும் என்றிருந்த ஊர் இது. "ஐஸ்லயா ஆடுதாவ? அதுல மீனுல்லா கெடக்கும்" என்று நம் வாயிற்காவலர் முத்துக்கனி அண்ணாச்சி கேட்டதற்குத் தாங்களும் சேர்ந்து சிரித்தீர்கள்.

ஆண்டு முழுவதும் சிமெண்டுத் தளத்தில் உருளைச் சறுக்கு. மீன்பிடித் தடைக்காலம் வந்து துறைமுகத்து ஐஸ் ஆலை ஓய்ந்ததும், அதன் வெற்றுக் குளிரறையில் தண்ணீர் பாய்ச்சி உறையவைத்துப் பனி நடனம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும் காலத்தையே கல்விக் காலமாக்கிய தங்கள் கூர்மதியை என்னென்பது! ஆடும் இணை இரு கை நீளத்துக்கு மேல் விலகக் கூடாது என்பதே அங்கே முதற்பாடம். கத்திரி வெயிலில் கம்பளிச் சட்டை போட்டுத் துறைமுகத்துக்குள் போகும் பிள்ளைகளைப் பார்த்து ஊர் முதலில் சிரித்தது, பிறகு பழகிவிட்டது.

மூன்றாண்டுக்கு முந்தைய அந்தக் காலைப்பொழுதை எப்படி மறப்போம்? தருவைகுளத்து ஜெர்லினும் அவள் அண்ணன் அமலனும் மறுநாள் தேசியத் தேர்வுப் போட்டிக்கு ரயிலேற வேண்டும். குளிரறையைத் திறந்தால் தரையெங்கும் அம்மைத் தழும்புபோல் குழிகள். மீன்பெட்டி ஐஸில் உப்புத் தூவினால் குளிர் கூடும் என்ற தொழிற்பழக்கத்தில், ஆலை மேஸ்திரி பிச்சையா ஓலையில் முடைந்த ஒரு கடவப்பெட்டி நிறைய உப்பை அள்ளி வீசியிருந்தார். உப்பு விழுந்த இடமெல்லாம் ஐஸ் உருகிக் குழிந்திருந்தது. "பிள்ளையளுக்குத் தரை நல்லா கெட்டியா நிக்கட்டும்னுதான் போட்டேன் மிஸ்" என்று கலங்கி நின்றார் அவர்.

குழியில் கால் தட்டி விழுந்த ஜெர்லின், "நான் இனி ஆடமாட்டேன் மிஸ், டிக்கெட்ட கேன்சல் பண்ணிருங்க" என்று சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். ஐந்தாண்டு உழைப்பு அந்தச் சுவரோரம் முடியவிருந்தது. தாங்கள் பிச்சையாவைக் கடியவில்லை, பிள்ளையைக் கெஞ்சவுமில்லை. மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பின் மருத்துவர் வேண்டாமென்று விலக்கிய சறுக்குக் காலணியை எடுத்து மாட்டினீர்கள். உப்புப் படாத மூலையில், ஒரு பாய் விரிக்கும் இடத்தில், ஐம்பத்தைந்து வயதில் தாங்கள் ஆடியதைக் கண்டோம். அந்த வளைவையும் நெளிவையும் சொல்ல எங்களிடம் இன்றும் சொல் இல்லை. சுழன்றபடியே கை நீட்டி, "ஏளா, எந்திரி. தரை இவ்வளவுதான் இருக்கு, இதுல ஆடு" என்றீர்கள். அவள் எழுந்தாள்.

மறுநாள் ரயிலும் ஏறினாள். அண்ணனும் தங்கையும் அத்தேர்வில் ஆறாவதாக வந்தார்கள். நாளை தங்கள் பொறுப்பை ஏற்கும் பயிற்றுநர் அந்த ஜெர்லினே! ஆனால் அன்று வீங்கிய மூட்டு அதன்பின் தங்களைப் பனியில் ஏற விடவில்லை. அது எங்கள் நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது.

மூட்டு நோவு முற்றும் நீங்கி, முகச்சிரிப்பு மாறாமல், மாதாவின் துணையோடு நூறாண்டு நடமாட வேண்டுகிறோம். இம்மடலைச் சட்டமிட்டுத் தருகிறோம். வீட்டுக்குப் பிறகு கொண்டுபோகலாம். இப்போது அதை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து வாருங்கள். பிச்சையா புதுத்தரை விட்டிருக்கிறார். ஒரு குருணை உப்பும் போடவில்லை. மருத்துவர் ஒரே ஒரு சுற்றுக்குச் சம்மதித்திருக்கிறார். தங்கள் காலணியைக் கையில் பிடித்தபடி ஜெர்லின் குளிரறை வாசலில் காத்து நிற்கிறாள். இரு கை நீளத்துக்கு மேல் விலகமாட்டாளாம்.

என்றும் தங்கள் அன்பில்,
முத்துத்துறை சறுக்கு விளையாட்டுக் கழகப் பணியாளர்கள்,
ஐஸ் ஆலைத் தொழிலாளர்கள்
தூத்துக்குடி, மே 31